‘விலை இறங்கட்டும்’ என்றேன்

சாலாக் செலாத்தானில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குத் தீபாவளிக்கு முன் சாயம் அடிக்க வேண்டியிருந்தது. அலமாரியை நகர்த்தும்போது அதன் மேலிருந்த பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கீழே இறக்கினோம். முறுக்கு அச்சு இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏழு கேசட்டுகள், சுருட்டி வைத்த கம்பிகள், இரண்டு பேட்டரிகள், துணியில் சுற்றிய ஒரு வீடியோ கேமரா.

"இது என்னம்மா, போனா?" என்று கேட்டான் என் ஆறு வயது மகன்.

போன் இல்லை. இதை வாங்கலாமா வேண்டாமா என்று 2007-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் பேசினோம். அக்காவின் கல்யாணப் பேச்சுகூட அத்தனை நாள் இழுக்கவில்லை. அந்தப் பேச்சில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் படித்தவள்

எனக்கு அப்போது 21 வயது. ஊடகத்துறை படிப்பில் இறுதியாண்டு. அப்பா லாரி ஓட்டினார். அக்காவின் கல்யாணம் அடுத்த ஆண்டு என்று முடிவாகியிருந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது அப்பாவுக்கு ஓர் ஆசை முளைத்தது. கல்யாணத்துக்கு ஆள் வைத்து வீடியோ எடுக்கிறோம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுச் சொந்தமாக ஒரு கேமரா வாங்கிவிட்டால் என்ன? பிறகு பிறக்கும் பேரப்பிள்ளைகளையும் எடுக்கலாமே!

"நீதானம்மா இதெல்லாம் படிக்கிற. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு," என்றார்.

லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர் முதன்முதலாக என் படிப்பிடம் ஒரு யோசனை கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் காலகட்டத்தை இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதுவரை வீட்டு வீடியோ என்றால் நம் நாட்டில் வழங்கிய பால் முறைப்படி 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். மொத்தம் ஏறக்குறைய 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். 2003-ல் ஜேவிசி நிறுவனம் எச்.டி. படம் எடுக்கும் முதல் வீட்டுக் கேமராவை வெளியிட்டது. அதே ஆண்டு ஜேவிசி, சோனி, கேனன், ஷார்ப் ஆகிய நான்கும் சேர்ந்து ‘எச்டிவி’ என்ற பொது முறையை அறிவித்தன. அதன் உயர்ந்த வகையில் படம் 1,440 புள்ளி அகலம், 1,080 புள்ளி உயரம். பெருக்கிப் பார்த்தால் 15 லட்சத்து 55 ஆயிரம். பழையதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. புதிய படத்தைப் பதிய அவர்கள் புதிய கேசட் எதையும் கொண்டு வரவில்லை. 1995 முதல் கடைகளில் கிடைத்த அதே சின்ன மினி டிவி கேசட்டிலேயே, அதே 60 நிமிடத்துக்கு, நான்கு மடங்கு விவரத்தை அடக்கினார்கள். படத்தைச் சுருக்கிப் பதிவதால் அது முடிந்தது. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கத்தில் இவை சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் பொருளாக இல்லை. 2005-ல் கைக்கடக்கமாக வந்த சோனி எச்சி1 அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 டாலர். இரண்டே ஆண்டில், 2007-ல் கேனன் எச்வி20 வந்தபோது விலை 1,100 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் ஊரில் அது அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்தான். என்றாலும் முதன்முறையாக எட்டிப் பிடிக்கலாம் போன்ற உயரத்துக்கு வந்திருந்தது.

லோ யாட்டில் சில சனிக்கிழமைகள்

சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் இறங்கி, மோனோரெயில் மாறி இம்பி நிலையம். அங்கிருந்து நடந்தால் லோ யாட் பிளாசா. கணினி, கேமரா என்றால் அப்போது கோலாலம்பூர் இளைஞர்களுக்கு அதுதான் கோயில். நானும் அப்பாவும் சில சனிக்கிழமைகள் அங்கே வலம் வந்தோம்.

ஒரு சீனக் கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார். "தங்காச்சி, வாங்கலனாலும் பரவால்ல, பாத்துட்டுப் போ," என்று மலாயில் சொல்லி, கேமராவைத் தட்டைத் திரை டிவியில் இணைத்துக் காட்டினார். எதிர்க்கடையில் தொங்கிய விலைச்சீட்டின் எண்கள்கூடத் திரையில் தெரிந்தன. அப்பா தன் கையை நீட்டினார். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை, ரேகை ரேகையாகத் திரையில் விரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் நோட்டில் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, சாதாரண மினி டிவி கேமரா. விலை குறைவு, எந்தக் கணினியிலும் வெட்டி ஒட்டலாம். ஆனால், நாலைந்து வருடத்தில் பழையதாகத் தோன்றிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள்.

இரண்டு, கேசட்டில் பதியும் எச்டிவி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 11 கிகாபைட். படம் எடுத்து முடித்ததும் கேசட்டே பாதுகாப்புப் பிரதி ஆகிவிடும்.

மூன்று, கேசட்டே இல்லாத புது வழி. சோனியும் பானாசோனிக்கும் 2006-ல் அறிவித்த ‘ஏவிசிஎச்டி’. வன்தட்டிலோ மெமரி கார்டிலோ பதியும். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால், அன்றைய கார்டு ஒன்றில் 4 கிகாபைட் இருந்தால் பெரிய விஷயம். விநாடிக்கு 13 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் அதில் 40 நிமிடம்தான் கொள்ளும். தாலி கட்டி முடிக்கும் முன்பே கார்டு நிறைந்துவிடும். அந்தக் கோப்பைத் திறந்தால் எங்கள் கல்லூரிக் கணினிகளே மூச்சு வாங்கின.

இன்னொன்றையும் கவனித்தேன். வானொலி மீது அப்போதே எனக்குப் பைத்தியம். அதனால் எந்தக் கேமராவை எடுத்தாலும் முதலில் மைக் செருகும் துளை இருக்கிறதா என்று தேடினேன். பல வீட்டுக் கேமராக்களில் அது இல்லை. எச்வி20-ல் இருந்தது, காதொலி மாட்டிக் கேட்கவும் வழி இருந்தது. அது அவசியமும்கூட. கேசட் சுழலும் மோட்டார் சத்தம் அந்தக் கேமராவின் சொந்த மைக்கில் மெல்லிய ரீங்காரமாக விழும்.

சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்றேனே, அது இதுதான். பழைய மினி டிவி, ஒலியைச் சுருக்காமல் விநாடிக்கு 1,536 கிலோபிட்டாக அப்படியே எழுதியது. புதிய எச்டிவி அதே ஒலியை 384 கிலோபிட்டாகச் சுருக்கியது. படம் நாலு மடங்கு பெருத்தது, ஒலி நாலில் ஒன்றாக இளைத்தது. 384 மோசமான அளவும் இல்லை, நிறையப் பேர் காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கு உறுத்தியது. விளம்பரங்களில் படத்தைப் பற்றியே பேசினார்கள். ஒலியைப் பற்றி யாரும் ஒரு வரி சொல்லவில்லை.

பாட்டியின் கதை

அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாங்கி என்னத்த எடுக்கப் போறீங்க?"

அக்கா கல்யாணம், தைப்பூசம் என்று அப்பா அடுக்கினார். என்னிடம் வேறொரு பதில் இருந்தது. பாட்டி.

பாட்டி என் அப்பாவைப் பெற்றவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்போது 79 வயது. அவரிடம் ஒரு கதை உண்டு. 1957 ஆகஸ்ட் 31 காலையில், தோட்டத்துக் கிராணி வீட்டு வாசலில் லயத்து ஜனமெல்லாம் கூடி நின்று ரேடியோவில் மெர்டேக்கா கேட்ட கதை. துங்கு அப்துல் ரஹ்மான் அன்று மெர்டேக்கா அரங்கில் ஏழு முறை முழங்கினார் என்பது பள்ளிப் பாடம். பாட்டி அதைச் சொல்லும்போது பாடப் புத்தகம் மாதிரி இருக்காது. இரண்டு வயதுப் பிள்ளையாக அப்பா இடுப்பில் இருந்தது, ரேடியோவின் கரகரப்பு, கூட்டத்தில் ஒரு கிழவர் ‘இனி நம்ம ஊருக்குக் கப்பல் உண்டா இல்லையா’ என்று கேட்டது, எல்லாம் வரும். கடைசியில் கையை உயர்த்தி, பொக்கை வாயால் துங்கு மாதிரியே முழங்கிவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

2007 ஆகஸ்டில் மெர்டேக்காவுக்கு ஐம்பது ஆண்டு. என் இறுதியாண்டுப் படைப்பாகப் பாட்டியை இந்தக் கதை சொல்ல வைத்து எடுக்க நினைத்திருந்தேன். பாட்டியிடம் சொன்னால், "கறுத்த கெழவிய எதுக்கு பாப்பா படம் புடிக்கிற? அக்காவப் புடி," என்பார். ஆனால், அன்று என்ன சேலை கட்டுவது என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

என் கணக்கு

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டைத் திறந்து என் தீர்ப்பைச் சொன்னேன்: இப்போது வேண்டாம்.

காரணங்களைப் பாருங்கள். நம் வீட்டில் இருப்பது 21 அங்குலப் பெட்டி டிவி, எச்.டி. எடுத்தாலும் அதில் எச்.டி.யாகத் தெரியாது. இந்த நாட்டில் எச்.டி. ஒளிபரப்பே இன்னும் வரவில்லை. எடுத்ததை எந்தத் தட்டில் எழுதி வைப்பது என்பதிலும் சண்டை முடியவில்லை. புளூ-ரே ஒரு பக்கம், எச்.டி. டிவிடி மறுபக்கம். கேசட் போகிற காலம், கார்டு வருகிற காலம். எப்படியும் ஆண்டுக் கடைசியில் விலை இறங்கும். கல்யாணம் அடுத்த ஆண்டுதான்.

"விலை இறங்கட்டும். தீபாவளிக்கு வாங்குவோம்," என்றேன்.

அப்பா முகத்தில் பெருமை. எவ்வளவு யோசித்திருக்கிறாள் பார் என்று அம்மாவைப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

நான் சொன்ன எதுவும் தப்பில்லை என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. ஆஸ்ட்ரோ எச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது 2009 டிசம்பரில். எச்.டி. டிவிடியைத் தோஷிபா கைவிட்டது 2008 பிப்ரவரியில். கேசட் கேமராக்கள் அதன்பின் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்தே காணாமல் போயின. விரிவுரையாளரிடம் கொடுத்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

பாட்டியின் படைப்பை? "தீபாவளிக்குக் கேமரா வந்ததும் எடுக்கலாம், எச்.டி.யில் எடுத்தால் பாட்டி முகத்துச் சுருக்கமெல்லாம் அருமையாக வரும்," என்று தள்ளி வைத்தேன். கல்லூரியில் இரவல் வாங்க சாதாரண மினி டிவி கேமரா இருந்தது. வீட்டில் பேசினால் பதியும் கேசட் ரெக்கார்டர் இருந்தது. என் கைப்பேசிகூடக் குரலைப் பதியும். எதுவும் எனக்குப் போதவில்லை.

ஆகஸ்ட்

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் வாரம், காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் பாட்டி கீழே விட்டார். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டதற்கு வாய் அசைந்தது, சொல் வரவில்லை. பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் தாக்கியிருந்தது. வலக் கையும் பேச்சும் போயின.

ஆகஸ்ட் 31 அன்று மருத்துவமனை வார்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதாம் ஆண்டு அணிவகுப்பு. பழைய படச்சுருளில் துங்கு கையை உயர்த்தி முழங்கினார். பாட்டி கண் கொட்டாமல் பார்த்தார். இடக் கை மட்டும் போர்வையின் மேல் கொஞ்சம் உயர்ந்தது. நான் அருகில் நின்றேன். என் பையில் அந்த நோட்டு இருந்தது.

நவம்பரில் தீபாவளி. நான் சொன்னபடியே விலை இறங்கியிருந்தது. எச்வி20 வாங்கினோம். மிச்சம் சில நூறு வெள்ளி.

ஏழு கேசட்டுகள்

எடுத்தேன், நிறையவே எடுத்தேன். அக்கா கல்யாணம் மூன்று கேசட். பத்துமலை தைப்பூசம் ஒன்று. மீதி மூன்றும் பாட்டி. சன்னலோரம் நாற்காலியில் பாட்டி, பல்லாங்குழியில் சோழியை இடக் கையால் தள்ளும் பாட்டி, அம்மா தலை வாரிவிடும்போது கண்ணை மூடியிருக்கும் பாட்டி.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், பேச வராத பாட்டியின் தொண்டையிலிருந்து ஒரு ராகம் வந்தது. அவர் எங்களைத் தூங்க வைத்த தாலாட்டின் மெட்டு. சொல் ஒன்றிரண்டுதான் தெளிவாக விழுந்தது, மெட்டு மட்டும் பிசகவில்லை. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம் என்று பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடிப்போய்க் கேமராவை எடுத்தது. அவசரத்தில் மைக்கைச் செருக மறந்தேன். பழைய டிவி முறையா, எச்.டி. முறையா என்றும் பார்க்கவில்லை.

பாட்டி 2009-ல் போனார். கேமரா மெல்ல அலமாரி மேல் ஏறியது. கைப்பேசி அதன் இடத்தைப் பிடித்தது.

டின்னில் இருந்ததை மீட்டது

இப்போது கேமரா உயிர் பெறவில்லை. என் மடிக்கணினியில் அந்தக் கம்பியைச் செருக இடமும் இல்லை. இது என் ஒருத்தி பிரச்சினை அல்ல. உலகத்தில் வீடியோ நாடாவை ஓட்டும் இயந்திரங்களே அருகி வருகின்றன. கடைசியாக விஎச்எஸ் பெட்டி தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனம் 2016-ல் நிறுத்திக்கொண்டது. யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019-ல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்றே ஒரு திட்டம் தொடங்கின. நாடா நன்றாக இருந்தாலும் ஓட்ட இயந்திரமும் உதிரிப் பாகமும் இல்லாமல் போகும் என்பதுதான் எச்சரிக்கை.

கிள்ளானில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் கைகொடுத்தார். பழைய எச்டிவி கேமரா ஒன்றையும் ‘ஃபயர்வயர்’ துளை உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றையும் அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கடையில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம் என்பதால் அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். தவறி மேலே எதுவும் பதிவாகாது. சன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சுலபமாக வரும். அதை இயந்திரத்தில் போட்டால் இயந்திரமும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். அதைத் தனியாக எடுத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான அறைக்குக் கொண்டுவந்த உடனே ஓட்டாதீர்கள். உள்ளே பனி பூக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். நெடுநாள் கிடந்த நாடாவை ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

யூஎஸ்பி கம்பி இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். எச்வி20 போன்ற கேமராக்களில் அதன் வழியாகப் புகைப்படம் மட்டும்தான் போகும். வீடியோவுக்கு ஃபயர்வயர் வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், இதில் குறுக்கு வழி கிடையாது. மாற்றிய கோப்பை இரண்டு வன்தட்டுகளில் எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வேலை முடிந்தது என்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

எங்கள் ஏழில் ஒன்றில் பூஞ்சை. கல்யாணத்தின் மூன்றாம் கேசட், சாப்பாட்டுப் பந்தி. அக்காவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, நான் சாப்பிடுறத யாரு பாக்கணும்," என்றார். இன்னொன்றில் அங்கங்கே படம் அரை விநாடி உறைந்து நிற்கிறது. எச்டிவி முறையில் 12 படங்களை ஒரு கொத்தாகச் சேர்த்துச் சுருக்குவார்கள், நாடாவில் ஒரு சின்னப் புள்ளி அழிந்தால் கொத்தே போய்விடும். விநாடிக்கு 25 படம் என்றால் 12 படம் ஏறக்குறைய அரை விநாடி.

பாட்டி தாலாட்டு முனகிய கேசட் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பார்த்தால் அது எச்.டி.யே இல்லை. அன்று அவசரத்தில் கேமரா பழைய டிவி முறையில் இருந்திருக்கிறது. படம் மங்கல்தான். மோட்டார் ரீங்காரம் கேட்கிறது. தூரத்தில் கொம்யூட்டர் ரயில் போகிறது. ஆனால், பாட்டியின் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்பதுவரை காதில் விழுகிறது.

பதினைந்து ஆண்டுக்கு மேலாக மைக் முன்னால் பேசிப் பிழைக்கிறேன். ஊரில் யார் யார் குரலையோ பதிந்திருக்கிறேன். மெர்டேக்கா கதை சொன்ன பாட்டியின் குரல் என்னிடம் ஒரு விநாடிகூட இல்லை.

எதை வாங்கலாம்?

தீபாவளி, பொங்கல் சமயங்களில் நேயர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. ‘புதுப் போன் வாங்கலாமா, நல்ல கேமரா வாங்கலாமா, அடுத்த மாடல் வரட்டுமா?’ இப்போது கையில் இருக்கும் பல போன்களே 3,840-க்கு 2,160 புள்ளியில் படம் எடுக்கின்றன. பெருக்கினால் 82 லட்சத்துக்கு மேல். 2007-ல் நான் ஏங்கிய கேமராவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். கருவி போதவில்லை என்று சொல்ல இன்று யாருக்கும் சாக்கு இல்லை.

வாங்குவதற்குக் காத்திருப்பது தப்பில்லை. காசு நம்முடையது, கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். நான் செய்த பிழை வேறு. கேமராவுக்குக் காத்திருந்ததோடு பாட்டியையும் சேர்த்துக் காத்திருக்க வைத்தேன். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியிருக்கக் கூடாது. புதிய கருவி வரும்வரை கையில் இருப்பதை வைத்து எடுத்திருக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே ஒரு மாலையை ஒதுக்குங்கள். போனை ஒரு முழத் தூரத்தில், பேசுபவர் வாய்க்கு நேராக வையுங்கள். டிவியை நிறுத்துங்கள். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள், யாருக்கும் பேச்சு வராது. ‘அந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?’ என்று கேளுங்கள். பிறகு நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

கிள்ளானிலிருந்து வந்த அன்றே பாட்டியின் கேசட்டை அப்பா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். என் மகன், "பாட்டி என்ன பாடுறாங்க?" என்று கேட்டான். அப்பாவுக்கு இப்போது 70 வயது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். பாட்டி மெர்டேக்கா கேட்ட கதை தெரியுமா உனக்கு?" என்று தொடங்கினார்.

"ஏழு தடவ சொன்னாரு துங்கு. ஆனா பாட்டிக்கு ஆறுதான் கேட்டுச்சாம். நடுவுல ஒன்ன நான் அழுது கெடுத்துட்டேனாம்…"

ஆறு என்ற கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. பாட்டி அதை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

மேசை மேல் இருந்த போனை எடுத்துத் தட்டிவிட்டு, தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தேன். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துவிட்டார்.

"பதியிறியா? பேன நிறுத்திட்டு வரட்டா?"

"வேண்டாம்ப்பா, நீங்க சொல்லுங்க," என்றேன்.